சுங்க வரியும் அமெரிக்கக் கட்சிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் வரலாற்றைக் கற்கப் புகும் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே ஒரு மயக்கம் உண்டாகின்றது. அந்நாட்டில் ஜனநாயகக் கட்சி எனவும் குடியரசுக் கட்சி எனவும் இரு பெருங்கட்சிகள் உள. அயல்நாட்டுச் சரக்குகளின்மீது வரி விதித்து உள்நாட்டுக் கைத்தொழிலைக் காத்தல் வேண்டும் என்பது எக்கட்சியின் கொள்கை? வாணிகத்திற்குத் தடை கூடாது என்பது எக்கட்சியின் கொள்கை? 1890-ஆம் ஆண்டில் இவ்வினாவை எழுப்பியிருந்தால், வரியை வேண்டுவது குடியரசுக் கட்சி, வேண்டாதது ஜனநாயகக் கட்சி என்ற விடை ஐயமின்றிக் கிடைத்திருக்கும். 1990-ஆம் ஆண்டில் அவ்விடை ஏறக்குறையத் தலைகீழாயிற்று. 2018-ஆம் ஆண்டிலோ குடியரசுக் கட்சியைச் சார்ந்த ஜனாதிபதியே மறுபடியும் வரிகளை உயர்த்தினார். கட்சிகளின் பெயர்கள் மாறவில்லை. அவை எடுத்துரைத்த நியாயங்களும் பெரும்பாலும் பழையனவே. நியாயங்களைக் கூறிய வாய்கள்தாம் இடம் மாறின.

நம் கல்லூரிச் சொற்போர்களில் இன்னார் இப்பக்கம் பேசுக என்று சீட்டெடுத்துப் பிரிப்பதுண்டு. அமெரிக்கக் கட்சிகளும் அவ்வாறே சீட்டெடுத்துத் தத்தம் கொள்கையைப் பெற்றனவோ என்று ஐயுறுவாரும் உளர். அவ்வையம் பொருந்தாது. மாற்றத்திற்குக் காரணம் உண்டு. அதனை அப்பெருநாடு முழுவதும் தேடி அலையாமல், தென் கரோலினா என்னும் ஒரு மாகாணத்தின் வரலாற்றைப் பின்பற்றிச் சென்றாலே பெரிதும் கண்டுகொள்ளலாம் என்பது எம் கருத்து. ஆதலின் ஈண்டு அம்மாகாணமே அடிக்கடி தலைகாட்டும்.

சுங்கம் என்பது நமக்குப் புதுச்சொல் அன்று. அரசனுக்குரிய பொருள் வகைகளுள் ஒன்றாக உல்கினை வள்ளுவர் எண்ணினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சரக்கு மூட்டைகளின்மீது புலிப்பொறி இட்ட செய்தி பட்டினப்பாலையில் உளது. முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். ஆயினும் இவ்விடங்களிலெல்லாம் நாம் காண்பது அரசின் வருவாயாகிய சுங்கம். அமெரிக்கர் நூறாண்டுக்கு மேலாக வழக்காடியது சுங்கத்தின் மற்றொரு தொழிலைப் பற்றியது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இங்கிலாந்தில் நெய்த 100 டாலர் விலையுள்ள துணி மூட்டை ஒன்று நியூயார்க் துறையில் இறங்குகின்றது எனக் கொள்க. வரி நூற்றுக்கு 25. அந்த 25 டாலரைத் துறையிற் செலுத்துபவன் இங்கிலாந்து ஆலைக்காரன் அல்லன். துணியை வரவழைத்த அமெரிக்க வணிகனே செலுத்துகின்றான். அவன் அதனை விலையிற் சேர்த்து வாங்குவோரிடம் பெற்றுக்கொள்கின்றான். சந்தையை இழக்க அஞ்சி அயல்நாட்டு ஆலைக்காரன் தன் விலையைச் சிறிது குறைத்து ஒரு பங்கைச் சுமப்பதும் சிற்சில வேளை நிகழும். இவ்வளவில் சுங்கம் வருவாய்க்குரியதே. ஆனால் அதே துணியை நெய்யும் உள்நாட்டு ஆலைக்காரனும் இனித் தன் மூட்டையை 120 டாலருக்கு அஞ்சாமல் விற்கலாம். அந்த ஏற்றம் அரசின் கருவூலத்தை அடைவதில்லை. ஆலைக்காரன் பையை அடைகின்றது. அதனால் அவன் ஆலையைப் பெருக்கி ஆயிரம் பேருக்கு வேலை தருகின்றான் என்பது ஒரு சாரார் வழக்கு. வாங்குவோர் அனைவரும் அறியாமலே அவனுக்கு வரி கொடுக்கின்றனர் என்பது மறு சாரார் வழக்கு. இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தலே இவ்வழக்கு தீராமைக்குக் காரணம்.

வழக்கின் முதல் ஏடு அலெக்ஸாண்டர் ஹாமில்டன் எழுதியது. ஜார்ஜ் வாஷிங்டனின் பொக்கிஷ மந்திரியாயிருந்த அவர் 1791-ஆம் ஆண்டு டிசம்பரில் கைத்தொழில்களைப் பற்றிய அறிக்கை ஒன்றைக் காங்கிரசுக்கு அளித்தார். முதிர்ந்த நாட்டின் தொழிலோடு இளைய நாட்டின் தொழில் நிகராகப் போட்டியிட இயலாது. ஆதலின் தொடக்கத்தில் அரசு துணை நிற்றல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். தாமஸ் ஜெபர்ஸனும் அவர் நண்பரும் குடியரசின் உயிர்நிலை தன் நிலத்தைத் தானே உழும் குடியானவனே என்று கருதினர். ஆலைகளும் வங்கிகளும் நிறைந்த நாடு சிலர் கைப்பட்ட நாடாகிவிடும் என அஞ்சினர். வரி, வங்கி, கடன் ஆகியவற்றைப் பற்றிய பூசல்களிலிருந்தே அமெரிக்காவின் முதற் கட்சிகள் பிறந்தன என்பது மிகையன்று.

இனித் தென் கரோலினாவுக்கு வருவோம். இங்கிலாந்தோடு நிகழ்ந்த போர் 1815-இல் முடிந்தவுடன் மலிவான ஆங்கிலச் சரக்கு அமெரிக்கத் துறைகளில் வெள்ளமாகப் புகுந்தது. போர்க்காலத்தில் தோன்றிய இளம் ஆலைகள் தள்ளாடின. 1816-இல் அவற்றைக் காக்கும் வரிச் சட்டம் ஒன்று வந்தது. அதனை ஆதரித்துக் காங்கிரசில் பேசியவர்களுள் முதன்மையானவர் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜான் கால்ஹூன். போர் மீண்டும் வந்தால் ஒரு தேசம் தனக்கு வேண்டுவனவற்றைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். தம் மாகாணத்திலும் ஆலைகள் எழும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தது. அச்சட்டத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த டேனியல் வெப்ஸ்டர். நியூ இங்கிலாந்தின் செல்வம் அந்நாளில் கப்பலிலும் கடல் வாணிகத்திலும் இருந்தது. சரக்கு குறைந்தால் கப்பலுக்கு வேலை ஏது?

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1828-இல் வேறொரு வரிச் சட்டம் வந்தபோது வெப்ஸ்டர் அதனை ஆதரித்தார். கால்ஹூன் அதனை எதிர்த்தார். இருவரும் அரங்கின் இரு பக்கத்திலிருந்து நடந்து, நடுவில் ஒருவரையொருவர் கடந்து, மற்றவர் நின்ற இடத்தில் சென்று நின்றனர். நிகழ்ந்தது என்ன? மாசச்சூசெட்ஸின் மூலதனம் கப்பலை விட்டு நெசவாலைக்குச் சென்றுவிட்டது. தென் கரோலினாவில் எதிர்பார்த்த ஆலைகள் எழவில்லை. பருத்தியே எங்கும் பரவிற்று. அப்பருத்தி இங்கிலாந்துக்கு விலையாயிற்று. அங்கிருந்து துணியும் இரும்பும் வந்தன. வரி உயர்ந்தால் பருத்தித் தோட்டக்காரன் வாங்கும் பொருளின் விலை ஏறும். இங்கிலாந்து விற்க முடியாவிடின் அவனுடைய பருத்தியை வாங்கும் ஆற்றலும் அதற்குக் குறையும். அம்மாகாணத்துக் காங்கிரஸ் உறுப்பினர் ஜார்ஜ் மக்டப்பி என்பவர், தோட்டக்காரன் விளைக்கும் ஒவ்வொரு 100 பொதியிலும் 40 பொதியை இவ்வரி பறித்துக்கொள்கிறது என்று ஊரூராய்ப் பேசினார். கணக்கு மிகைப்பட்டதே. ஆனால் மேடையில் 40 பொதி என்னும் எண்ணுக்கு இருந்த வலிமை பொருளாதார நூல் எதற்கும் இருந்ததில்லை.

1828-இன் சட்டம் உருவான வகையும் விந்தையானது. ஆண்ட்ரூ ஜாக்சனின் கட்சியார் சணல், கம்பளி, இரும்பு, வெல்லப்பாகு முதலிய மூலப்பொருள்களின்மீதும் கடுமையான வரியை வேண்டுமென்றே சேர்த்தனர். நியூ இங்கிலாந்து ஆலைக்காரர் அதனைப் பொறாமல் தாமே தோற்கடிப்பர். பழி தமக்கு வாராது என்று தென்னாட்டு உறுப்பினர் பலர் எண்ணினர் என்ப. சட்டமோ நிறைவேறிவிட்டது. தென்னாட்டார் அதற்கு அருவருப்பின் வரி எனப் பெயரிட்டனர். அப்போது உப ஜனாதிபதியாயிருந்த கால்ஹூன், தம் பெயரை மறைத்து, ஒரு மாகாணம் தனக்குத் தீங்கான தேசியச் சட்டத்தைச் செல்லாது எனக் கூறும் உரிமை உடையது என்ற கொள்கையை வரைந்தார். 1832 நவம்பரில் தென் கரோலினாவின் பேரவை அவ்வண்ணமே அறிவித்தது. 1833 பிப்ரவரி முதல் நாளுக்குப்பின் தன் துறைகளில் அவ்வரியைத் தண்ட விடோம் என்றது. படை கொண்டு தண்ட முற்பட்டால் ஐக்கியத்தை விட்டு விலகுவோம் என்றும் அச்சுறுத்திற்று. ஜாக்சன் டிசம்பர் 10-ஆம் நாள் இஃது இராஜத்துரோகம் என்று கடுமையாக அறிக்கை விடுத்துச் சார்ல்ஸ்டன் துறையின் கோட்டைகளையும் வலுப்படுத்தினார். முடிவில் ஹென்றி கிளே சந்து செய்தார். 1842-க்குள் வரிகளைப் படிப்படியாக நூற்றுக்கு 20 என்னும் அளவிற்கு இறக்குவது என ஒரு சட்டமும், வேண்டின் படையால் வரி தண்டலாம் என மற்றொரு சட்டமும் 1833 மார்ச்சில் ஒருசேரப் பிறந்தன. தென் கரோலினா தன் பழைய அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மானங் காத்தற் பொருட்டுப் படைச் சட்டத்தை மாத்திரம் செல்லாது என்று அறிவித்து அமைந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது செல்லுதல் முறையன்று. அந்நாளைய தென் கரோலினாவில் வாழ்ந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். பருத்தியைப் பறித்த கைகள் அவர்களுடையவை. வாணிகத்திற்கு விடுதலை வேண்டும், வரி ஒரு கொடுங்கோன்மை, பிறன் உழைப்பின் பயனைச் சட்டத்தால் பறித்தல் அநீதி என்று சார்ல்ஸ்டன் மேடைகளில் முழங்கியவர் பலர் அடிமைகளை விலைக்கு வாங்கியும் விற்றும் வாழ்ந்தவர். வாதம் தன்னளவில் செம்மையானது. வாதிட்டவன் நின்ற நிலமோ அவ்வாதத்தையே பொய்யாக்கியது. வரி விதிக்கும் வல்லமை பெற்ற மத்திய அரசு ஒருநாள் அடிமைமுறையிலும் கைவைக்கும் என்ற அச்சமும் அப்பூசலின் அடியில் கிடந்தது. பிற்காலத்தார் சிலர் 1861-இன் உள்நாட்டுப் போர் சுங்க வரியால் விளைந்தது என எழுதினர். அது பொருந்தாக் கூற்று. 1860 டிசம்பரில் ஐக்கியத்தை விட்டு விலகியபோது தென் கரோலினா வெளியிட்ட காரண அறிக்கை அடிமைமுறையைப் பற்றியதே. வரியை உயர்த்திய மாரில் சட்டம் 1861 மார்ச்சில், தென்னாட்டு உறுப்பினர் பலர் காங்கிரசை விட்டு வெளியேறிய பின்னரே நிறைவேறிற்று.

போருக்குப்பின் குடியரசுக் கட்சி வடநாட்டு ஆலைக்காரர், தொழிலாளர், இரும்பு வேலையோர் ஆகியோரின் கட்சியாய் நின்று உயர்ந்த வரியைத் தன் கொடியாக்கிக்கொண்டது. ஜனநாயகக் கட்சி தென்னாட்டுப் பருத்தியாளரையும் துறைமுக நகரங்களையும் சார்ந்து வரிக்குறைப்பைக் கோரிற்று. இவ்வளவையும் படிப்பவர், கொள்கை என்பது பணப்பையின் மறுபெயரே போலும் என்று எண்ணலாம். எம் வகுப்பிலும் அவ்வாறு எண்ணுவோர் பலர். அவர்க்குக் குரோவர் கிளீவ்லாந்தின் கதையை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதியாகிய அவர் 1887 டிசம்பரில் காங்கிரசுக்கு ஆண்டுதோறும் விடுக்கும் செய்தியை முழுவதும் சுங்க வரி ஒன்றற்கே ஒதுக்கினார். கருவூலத்தில் வேண்டாத பணம் குவிகின்றது. அது மக்களிடம் தேவையின்றிப் பறித்த பணம். வரியைக் குறைத்தல் வேண்டும் என்றார். மறு ஆண்டு தேர்தல். ஆலைகள் மிகுந்த வடநாட்டு மாகாணங்களின் துணையின்றி வெல்லுதல் அரிது என்பதை அவர் அறியாதவர் அல்லர். 1888 தேர்தலில் மக்கள் வாக்கில் ஏறக்குறைய 90,000 மிகுதியாகப் பெற்றும், தம் சொந்த மாகாணமாகிய நியூயார்க்கை இழந்து, தேர்வாளர் வாக்கில் 168-க்கு 233 என்ற கணக்கில் பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார். பணப்பையை மாத்திரம் நோக்கியவர் அச்செய்தியைத் தேர்தல் முடியும்வரை மேசைக்குள் வைத்திருப்பார்.

வென்ற குடியரசுக் கட்சியார் 1890-இல் வில்லியம் மக்கின்லியின் பெயரால் வழங்கும் சட்டத்தை இயற்றினர். வரிக்குட்பட்ட பொருள்களின்மீது சராசரி வீதம் நூற்றுக்கு ஏறக்குறைய 50 ஆயிற்று. அதுவரை வேல்ஸ் நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தகரத் தகடும் கனத்த வரிக்குட்பட்டது. ஒஹையோ மாகாணத்தில் மக்கின்லியின் தொகுதியில் எதிர்க்கட்சியார் தகரக் குவளை விற்போரை அமர்த்தி, வீடுவீடாகச் சென்று இரட்டை விலை கேட்கச் செய்து, ஏனென்று வினவிய இல்லத்தரசியர்க்கு மக்கின்லி வரியே காரணம் என்று விடை கூறச் செய்தனர் என ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இடங்கள் 90-க்கும் கீழே வீழ்ந்தன. மக்கின்லியும் தம் இடத்தை இழந்தார். தொகுதியின் எல்லையை எதிர்க்கட்சி மாற்றி வரைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். 1892-இல் கிளீவ்லாந்து மீண்டும் ஜனாதிபதியானார். ஆயினும் அவர் எதிர்பார்த்த வரிக்குறைப்புச் சட்டத்தை அவர் கட்சிச் செனட்டர்களே அறுநூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களால் சிதைத்தனர். சர்க்கரையைக் காக்க ஒருவர், நிலக்கரியைக் காக்க ஒருவர் என நின்றனர். 1894-இல் அது தம் கையொப்பமின்றியே சட்டமாகுமாறு அவர் விட்டுவிட்டார்.

1913-இல் உட்ரோ வில்ஸன் வரியைக் குறைத்து, குறைந்த வருவாயை ஈடுசெய்ய வருமான வரியை ஏற்படுத்தினார். இதனால் சுங்கம் கருவூலத்தின் தூணாயிருந்த காலம் முடிந்தது. இனி அது பாதுகாப்பைப் பற்றிய வழக்கு மாத்திரமாய் நின்றது. 1930-இல் யூட்டா மாகாணத்து ஸ்மூட், ஆரிகன் மாகாணத்து ஹாலி ஆகிய இருவர் பெயரால் வழங்கும் சட்டம், உழவர்க்கு உதவுவதாகத் தொடங்கி எல்லாத் தொழிலுக்கும் வரியுயர்வாய் முடிந்தது. ஓர் உறுப்பினர் தம் ஊர்ப் பொருளுக்கு வரி வேண்டின் பிறர் ஊர்ப் பொருளுக்கும் கை உயர்த்த வேண்டும். கொண்டும் கொடுத்தும் பட்டியல் நீண்டது. 1,028 பொருளாதார அறிஞர்கள் கையொப்பமிட வேண்டாவென ஹூவரை வேண்டினர். செனட்டில் 44-க்கு 42 என்ற வாக்கில் நிறைவேறிய அதற்கு அவர் ஜூன் 17-ஆம் நாள் கையொப்பமிட்டார். கானடா முதலிய நாடுகள் எதிர்வரி விதித்தன. 1929-இல் ஏறக்குறைய 520 கோடி டாலராயிருந்த அமெரிக்க ஏற்றுமதி 1932-இல் 160 கோடியாய்ச் சுருங்கிற்று. இதற்குப் பெருங்காரணம் உலகப் பொருளாதார மந்தமே. வரிகள் நோயை உண்டாக்கவில்லை எனினும் முற்றச் செய்தன என்பது பெரும்பாலார் துணிபு. ஸ்மூட், ஹாலி இருவரும் 1932-இல் தம் இடங்களை இழந்தனர்.

அடுத்து வந்த மாற்றத்தைத் தேர்தற் கதைகளினும் பெரிதாக நாம் மதிக்கின்றோம். டென்னஸி மாகாணத்தவரும் வரிக்குறைப்பில் நெடுநாட் பற்றுடையவருமாகிய கார்டெல் ஹல், ராஜாங்க மந்திரியாயிருந்து 1934-இல் ஒரு சட்டம் நிறைவேறப் பாடுபட்டார். பிற நாடுகளோடு உடன்பாடு செய்து வரிகளைப் பாதியளவு வரை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அதனால் ஜனாதிபதிக்குக் கிடைத்தது. ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊரை நோக்க, நாடு முழுவதையும் நோக்கக்கூடியவர் ஜனாதிபதி ஒருவரே; ஆதலின் வரி தாழும் என்பது கருத்து. தாழ்ந்தது உண்மையே. இவ்வழியின் தொடர்ச்சியாகவே 1947-இல் ஜெனீவாவில் 23 நாடுகள் கூடிச் சுங்கம், வாணிகம் பற்றிய பொது உடன்பாட்டைச் செய்தன. அந்த 23-இல் இந்தியாவும் இலங்கையும் உண்டு.

போருக்குப்பின் ஏறக்குறைய இருபது ஆண்டு இரு கட்சித் தலைவரும் வாணிகத்தில் ஒருமனப்பட்டிருந்தனர் எனலாம். தென் கரோலினா மாத்திரம் ஒருமனப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ இங்கிலாந்தின் நெசவாலைகள் மலிவான கூலியை நாடித் தெற்கே பெயர்ந்தன. கால்ஹூன் 1816-இல் எதிர்பார்த்த ஆலைகள் நூறாண்டு பிந்தி வந்து சேர்ந்தன. அவற்றோடு வெப்ஸ்டரின் வாதமும் வந்து சேர்ந்தது. 1950-களில் ஜப்பானியப் பருத்தித் துணி மலிவாகப் புகுந்தபோது, ஜப்பானியத் துணி விற்கும் கடையினர் அதனை அறிவிக்கும் பலகையைத் தொங்கவிடல் வேண்டும் என்று 1956-இல் தென் கரோலினா சட்டம் இயற்றிற்று. தடையிலா வாணிகத்தின் பொருட்டு ஐக்கியத்தையே உடைக்கத் துணிந்த அதே மாகாணம்! ஜப்பான் தன் ஏற்றுமதியைத் தானே குறைத்துக்கொள்ள இசைந்தது. 1961 முதல் பருத்தித் துணிக்கும், 1974 முதல் பல்வகை இழைகளுக்கும் நாடுவாரியாக அளவு குறிக்கும் கோட்டா முறை சர்வதேச ஏற்பாடாக வந்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதி வரை நின்றது. நம் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் தன் வளர்ச்சிப் பருவத்தை இக்கோட்டாவின் வேலிக்குள்தான் கழித்தது.

1985-இல் துணி இறக்குமதியை மேலும் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றைச் செனட்டில் முன்னின்று நடத்தியவர் தென் கரோலினாவின் இரு செனட்டர்கள். ஸ்ட்ராம் தர்மண்ட் குடியரசுக் கட்சியினர். ஹாலிங்ஸ் ஜனநாயகக் கட்சியினர். கட்சி அவர்களைப் பிரித்தது. ஆலை அவர்களைச் சேர்த்தது. தர்மண்டின் கட்சியைச் சார்ந்த ஜனாதிபதி ரீகனே அதனை டிசம்பரில் மறுத்துத் திருப்பியனுப்பினார். மறுப்பைக் கடக்கும் முயற்சி அடுத்த ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் எட்டு வாக்கால் தோற்றது.

இதற்குள் கட்சிகளின் உள்ளீடு மாறிவிட்டிருந்தது. 1962-இல் வாணிக விரிவுச் சட்டத்தை ஆதரித்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு, ஆலைகள் மூடப்படுவதைக் கண்டு 1970-ஐ ஒட்டி எதிர்ப்பக்கம் சென்றது. தொழிலாளரை நம்பிய ஜனநாயகக் கட்சி அவர்களோடு சென்றது. உலகெங்கும் விற்கும் பெருங் கம்பெனிகளைச் சார்ந்த குடியரசுக் கட்சி வாணிகத்தின் பக்கம் சாய்ந்தது. 1993-இல் கானடா, மெக்சிகோ நாடுகளோடு செய்த வட அமெரிக்க உடன்பாடு பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. உடன்பாட்டை வேண்டியவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன். ஆனால் ஆதரவு 234 வாக்கில் 132 குடியரசுக் கட்சியினருடையது. அவர் கட்சியில் 102 பேர் ஆதரிக்க, 156 பேர் எதிர்த்தனர். 2001 டிசம்பரில் சீனா உலக வாணிக நிறுவனத்திற் சேர்ந்தது. அதன்பின் மலிவான சரக்கால் நாடு முழுவதும் பயனடைந்தது; இழப்போ நாற்காலி செய்யும் ஊர், துணி நெய்யும் ஊர் எனச் சில ஊர்களின் தலையில் வீழ்ந்தது. வேலை இழந்தவர் வேறிடம் பெயர்ந்து வேறு வேலை பெறுவர் என நூல்கள் கூறியது அவ்வூர்களில் எளிதில் நிகழவில்லை என்பதை ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்னும் மூவர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. வாணிகத்தைப் போற்றிய அறிஞர் இதனை முன்னரே போதிய அளவு கருதவில்லை என்பது எம் துணிபு. அவ்வூர்களின் மனக்குறையைக் கேட்டுக் கொள்வார் இரு கட்சியிலும் நெடுநாள் இலர். 2016-இல் டொனால்டு டிரம்ப் அதனைக் கைக்கொண்டார்.

2018-இல் அவர் எஃகின்மீது நூற்றுக்கு 25-உம் அலுமினியத்தின்மீது 10-உம் வரி விதித்தார். விதித்தற்குக் கருவி யாது? 1962-இல் வாணிகத்தை விரிக்கும் பொருட்டு இயற்றிய அச்சட்டத்தின் 232-ஆம் பிரிவு. ஜனாதிபதி நாடு முழுவதையும் நோக்குவார். ஆதலின் வரி தாழும் என்று ஹல் தொடங்கிவைத்த வழக்கத்தின்படி அவர் கைக்குச் சென்ற அதிகாரம், உயர்த்துதற்கும் பயன்பட்டது. சீனா எதிர்வரியாகச் சோயா மொச்சைக்கு 25 விதித்தது; விளைச்சலை விற்க இயலாத உழவர்க்கு அமெரிக்க அரசு 2018-இல் 1,200 கோடி டாலரும் 2019-இல் 1,600 கோடி டாலரும் உதவித்தொகை அறிவித்தது. அமெரிக்க மோட்டார் வண்டிகளின்மீது சீனாவின் வரி 40 ஆயிற்று. இதனாற் கவலையுற்ற இடங்களுள் தென் கரோலினாவும் ஒன்று. துணியாலைகள் ஓய்ந்த அம்மாகாணத்தின் ஸ்பார்ட்டன்பர்க் பகுதியில் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1994 முதல் வண்டி செய்து உலகெங்கும் ஏற்றுமதி செய்துவந்தது. பருத்தியை ஏற்றுமதி செய்தபோது கொண்ட கவலையை வண்டியை ஏற்றுமதி செய்தபோது அம்மாகாணம் மீண்டும் கொண்டது.

2021-இல் பதவியேற்ற ஜனநாயகக் கட்சியின் பைடன், சீனச் சரக்கின்மீதிருந்த அவ்வரிகளைப் பெரும்பாலும் நீக்கவில்லை. 2024 மே மாதத்தில் சீன மின்சார வண்டிகளின் வரியை நூற்றுக்கு 100 ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தார். 2025-இல் மீண்டும் பதவியிலிருந்த டிரம்ப் ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சரக்கின்மீதும் குறைந்தது 10 வீதம் விதித்தார். ஆகஸ்டு 27 அன்று, ருஷிய எண்ணெய் வாங்கியமை காரணமாகச் சேர்த்த 25-உம் உட்பட, இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது விதித்த புதுவரி 50 ஆயிற்று. திருப்பூரில் பின்னிய பருத்திச் சட்டைக்கு வழக்கமான வரி நூற்றுக்கு 16.5 முன்னரே உண்டு. இரண்டையும் கூட்டினால் 100 டாலர் பெறுமான சட்டைகளுக்கு அமெரிக்க வணிகன் துறையிற் செலுத்த வேண்டியது 66 டாலர் 50 செண்டு. வணிகர் பலர் விலையைக் குறைக்குமாறு திருப்பூராரைக் கேட்டனர். சிலர் அனுப்பற்க என்று எழுதினர். அந்த 50 புதியது, 16.5 பழையது. பிற பொருள்களின் வரிகள் உடன்பாடுகளால் தாழ்ந்துகொண்டே வந்த காலத்தில் ஆடைகளின் வரி மாத்திரம் அவ்வளவு தாழாமல் நின்றமைக்குக் காரணம் தென்னாட்டு நெசவாலைகளின் செல்வாக்கு. அவ்வாலைகளுட் பெரும்பாலன மூடப்பட்டுவிட்டன. அவற்றின் பொருட்டு நிறுத்திவைத்த வரி 2025-லும் இருந்தது.